தடயம்மாவின் பெயருக்குக் கீழே

பிரபு,

இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் இரண்டாவது மாதிரியைப் பார்த்தேன். நிறம் நன்றாக இருக்கிறது, பிள்ளையார் லட்சணமாக இருக்கிறார், முகூர்த்த நேரத்தில் பிழை இல்லை. பதிலை அதிலேயே தட்டியிருக்கலாம். தட்டினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். ரேகையே இல்லாத அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால்தான் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காட்பாடியில் தபாலில் போட்டால் அரக்கோணம் தாண்டிச் சென்னைக்கு வந்து சேரட்டும். கம்பெனியில் ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தரம் சொல்கிறாயே, அந்தப் பொறுமையோடு இதையும் படி.

நீ அனுப்பிய முதல் மாதிரியில் உன் அப்பாவின் பெயருக்குக் கீழே 'தலைமையாசிரியர் (ஓய்வு)' என்று இருந்தது. என் பெயருக்குக் கீழே 'உதவி இயக்குநர் (ஓய்வு), தடய அறிவியல்' என்று இருந்தது. இரண்டாவது மாதிரியில் அப்பா அப்படியே தலைமையாசிரியராக இருக்கிறார். நான் மட்டும் 'அரசுப் பணி (ஓய்வு)' ஆகிவிட்டேன். அரசுப் பணி என்றால் என்னப்பா? பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பதும் அரசுப் பணிதான், தாலுக்கா ஆபீசில் முத்திரை குத்துவதும் அரசுப் பணிதான். எல்லாம் மரியாதையான வேலை. ஆனால் நான் அதையெல்லாம் செய்யவில்லையே. எனக்குக் கோபம் வந்தது. வந்ததை வந்தது என்றே எழுதுகிறேன், நம் வீட்டில் அதை மறைக்கும் பழக்கம் இல்லை.

ஒரு சொல் இருந்த இடத்தில் இன்னொரு சொல் வந்திருந்தால் நடுவில் ஒரு கை புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். கயல்விழியின் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அவளுடைய பெரியப்பா, ஆற்காட்டில் வீட்டு முன்னாலேயே பேடா கடை வைத்திருக்கிறாரே, அவர். நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா. பொணம், ரத்தம், போலீசுன்னு பத்திரிகையில இருந்தா நாலு பேரு படிச்சிட்டு நாலு விதமா பேசுவாங்க. மங்கல காரியம் பாருங்க. மாப்ள கிட்ட சொன்னேன், அவரும் சரின்னுட்டாரு."

சரின்னுட்டாரு. பெரியப்பா சொன்ன மற்றதெல்லாம் எனக்குப் பழக்கமான பேச்சு. பிணத்தைத் தொட்ட கை என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்களோடு முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். இந்த ஒரு சொல்தான் எனக்குப் புதிது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்தப் பதவிப் பெயரை முதலில் வைத்தவன் நீதான். இரண்டாம் வகுப்பில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி உங்க அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். தடய அறிவியல் என்ற சொல் உன் வாயில் நுழையவில்லை. முழித்துக்கொண்டு நின்றுவிட்டு, "எங்கம்மா தடயம்மா" என்று சொல்லியிருக்கிறாய். டீச்சர் சிரித்துவிட்டு அப்பாவிடம் சொல்ல, அப்பா வீட்டில் சொல்ல, தெரு பிடித்துக்கொண்டது. பால்காரர் வாசலில் நின்று "தடயம்மா, பாலு" என்று கூப்பிடுவார். நம் தெருவில் ஒரு ஏட்டு குடியிருந்தார், அவர் மூலம் அந்தப் பெயர் ஸ்டேஷன்களுக்கும் போய்விட்டது. வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் எந்தக் காவலரைக் கேட்டாலும் என் உண்மைப் பெயர் தெரியாது, தடயம்மா என்றால் தெரியும். அரசாங்கம் தந்த பதவி உயர்வுகளெல்லாம் ஒரு பக்கம், நீ தந்தது ஒரு பக்கம்.

பெண் பார்க்கப் போனபோது அவர்கள் மக்கன் பேடாத் தட்டை நீட்டியதும் நீயும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தீர்கள். ஏன் அத்தை, அவங்க ரெண்டு பேரும் சிரிச்சாங்க என்று கயல்விழி பிறகு என்னிடம் கேட்டாள். சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். உனக்கும் ஒரு தடவை சொல்கிறேன், நீ மறந்த பகுதி அதில் இருக்கிறது. ஒரு தீபாவளிக்கு முன்னால் ஆற்காட்டிலிருந்து வந்த பேடா டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். உனக்கு ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் பாதி டப்பா காலி. உன் சட்டையில் ஜீரா ஒட்டிக் காய்ந்திருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த உன் அத்தை, "வேற யாரு, இவன்தான். சட்டையப் பாரு, ஈ மொய்க்குது" என்று தீர்ப்பே எழுதிவிட்டாள். நீ அழுதுகொண்டே, "நீ குடுத்த ஒண்ணுதாம்மா தின்னேன். அது ஜீராதான்மா இது" என்றாய்.

எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஒரு அதட்டு அதட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நீ சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. சட்டையில் ஜீரா இருக்கிறது என்பது உண்மை. எந்தப் பேடாவின் ஜீரா என்று சட்டை சொல்லவில்லையே. டப்பா மூடியில் முகப்பவுடரைத் தூவி, மை தீட்டும் தூரிகையால் மெதுவாகத் தட்டினேன். உன் விரலைப் போல இரண்டு மடங்கு பெரிய கட்டைவிரல் ஒன்று எவர்சில்வரில் எழுந்து நின்றது. உன் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். "சுகர் டெஸ்ட்டுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ தின்னுடலாம்னு பாத்தேன்" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நீ மொட்டை மாடிக்கு ஓடினாய். அங்கே நின்று தெருவுக்கே கேட்கும்படி, "நான் இல்ல, நான் இல்ல, எங்க தடயம்மா சொல்லிட்டாங்க" என்று கத்தினாய். எத்தனையோ நீதிமன்றங்களில் என் அறிக்கையைப் படித்திருக்கிறார்கள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் படித்ததில்லை.

இப்போது நான் எங்கிருந்து இந்த வேலைக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கயல்விழியும் இதைப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். உன் தாத்தா ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அவருடைய நகக்கண்ணில் எப்போதும் ஒரு வெளிர்நீலம் படிந்திருக்கும், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் யோசிப்பார்கள், தோல் நாற்றம் என்பார்கள். வேலூரில் கல்லூரியில் வேதியியல் படிக்கும்போது குரோமியத்தின் நிறத்தைச் சோதனைக் குழாயில் பார்த்தேன். மற்றவர்கள் அதைப் பாடமாகப் பார்த்தார்கள், எனக்கு அது எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டில் பார்த்த நிறம். அன்றைக்கே முடிவு செய்தேன், நம்மை ஒதுக்கவைத்த இந்தச் சரக்கை வைத்தே பிழைப்பது என்று. பிழைத்தேன், நன்றாகவே பிழைத்தேன்.

மாவட்டப் போலீசோடு போகும் நடமாடும் தடயப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில் நிலைமை சிரிப்பாக இருந்தது. கொலை நடந்த இடத்தில் கிடைத்த ஈரத் துணியை ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பிரித்தால் பூஞ்சை பூத்திருக்கும். ரத்தம் அழுகிப்போய் எந்தச் சோதனைக்கும் வாய் திறக்காது. "துணிய நிழல்ல காய வைங்க. காஞ்சதும் பேப்பர் கவர்ல போடுங்க. பிளாஸ்டிக் வேணாம்" என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ச் சொன்னேன். "இன்னா மேடம், வடாம் போட சொல்றீங்களா" என்று கேட்டவர்கள் உண்டு. ஆமாம் வடாம்தான் என்பேன், வெயிலில் வைத்தால் கெட்டுப்போகும் வடாம். வெட்கப்பட்டால் இந்த வேலை நடக்காது. திரும்பத் திரும்பச் சொன்னேன், என்னைக் கண்டாலே பேப்பர் கவரைத் தூக்கிக் காட்டும் அளவுக்குச் சொன்னேன்.

ஏழுமலை வழக்கு அதற்குப் பிறகு வந்தது, நீ பேடா வழக்கில் விடுதலையான சில மாதங்களில். ஏழுமலை ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பின் பச்சைத் தோல் கிடங்கில் வேலை பார்த்தார். கசாப்புக் கடைகளிலிருந்து உப்புப் போட்டு வரும் ஆட்டுத் தோல்களை லாரியிலிருந்து தோளில் சுமந்து இறக்கும் வேலை. அந்த ஷாப்பின் வாட்ச்மேன் ஒருநாள் பாலாற்றங்கரையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். இரண்டு நாட்களுக்கு முன்னால்தான் தண்ணீர் லாரி வரிசையில் அவருக்கும் ஏழுமலைக்கும் கைகலப்பு, தெருவே பார்த்திருக்கிறது. போலீஸ் ஏழுமலையின் வீட்டுக்குப் போனது. கொடியில் தொங்கிய சட்டையில் தோள்பட்டையிலும் மார்பிலும் ரத்தம். வேறென்ன வேண்டும்? ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சட்டை என் மேஜைக்கு வந்தது, பேப்பர் கவரில்தான் வந்தது. கறையைப் பஞ்சில் ஒற்றி, ரத்தம் பட்டால் நிறம் மாறும் ரசாயனத்தைச் சொட்டு விட்டதும் பஞ்சு உடனே இளஞ்சிவப்பாக மாறியது. பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "முடிஞ்சிச்சி. ரத்தம்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம். வெளிய பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க" என்றார்.

"ரத்தம்தான் சார். யாரோடதுன்னு அது இன்னும் சொல்லல" என்றேன்.

"இன்னா மேடம், ரத்தம்னா ரத்தம்தான?"

"ஆம்பூர்ல பச்சைத் தோல் தூக்கறவன் சட்டையில ரத்தம் இல்லன்னாதான் சார் நான் சந்தேகப்படுவேன்."

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அதெல்லாம் கோர்ட்ல பாத்துக்கலாம். நீங்க இப்ப எழுதுங்க" என்றார். இந்த இடத்தில்தான் பிரபு, ஒரு ஆள் 'சரி' என்று சொல்லிவிடலாம். சொன்னால் அன்றைக்கு எல்லோருக்கும் நல்லவளாக இருந்திருப்பேன். ரத்தம் என்று எழுதினால் அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல் வெளியே போனால் கேட்கிறவர்கள் காதில் அது வாட்ச்மேனின் ரத்தமாகத்தான் விழும். ஒரு ஆளின் கழுத்து அந்த அரைகுறைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. "எழுத ஒரு நிமிஷம் போதும் சார். அப்புறம் அழிக்கறதுக்கு ஆயுசு பத்தாது. எந்த ரத்தம்னு பாத்துட்டுதான் எழுதுவேன்" என்றேன். அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

பார்த்தோம். சட்டையில் கறை இருந்த எல்லா இடத்திலும் பார்த்தோம், ஒரு இடம் விடவில்லை. அத்தனையும் ஆட்டு ரத்தம். மனித ரத்தம் பொட்டுக்கூட இல்லை.

அதோடு விட்டிருந்தால் ஏழுமலை சந்தேகத்தின் பலனில் தப்பித்திருப்பார், ஊர் வாய் தப்பவிட்டிருக்காது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வாட்ச்மேனின் உடலைப் பார்த்தேன். அவருடைய வலது கையின் நகங்களுக்கடியில் அழுக்கோடு அழுக்காக ஏதோ சுருண்டிருந்தது. எடுத்து லென்சில் வைத்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. வெளிர்நீலம். உன் தாத்தாவின் நகக்கண்ணில் பார்த்த அதே நீலம். பச்சைத் தோல் குரோமியத்தில் ஊறிய பிறகுதான் நீலமாகும். அந்த நீலத் தோலை ஷேவிங் மிஷினில் விட்டுச் சீவி மெல்லியதாக்கும்போது, தச்சர் இழைப்புளியில் மரச்சுருள் விழுவது போலச் சின்னச் சின்னச் சுருளாக விழும். அது ஈரமாக, கனமாக இருக்கும், மிஷினின் காலடியிலேயே கிடக்கும், காற்றில் பறக்காது. ஏழுமலையின் வேலை கிடங்கோடு முடிந்துவிடுகிறது. தோல் நீலமாகும் பக்கத்துக்கே அவர் போவதில்லை. செத்தவர் கடைசியாகப் பிடித்துப் பிராண்டிய ஆள் ஷேவிங் மிஷினில் நிற்கிறவன்.

இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து சொன்னேன். தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஷேவிங் மிஷின்ல எத்தினி பேரு இருப்பாங்க மேடம்?" என்று கேட்டார். அந்த மனிதரை நான் மதிக்கிறேன். கோபம் இருந்தது, வீம்பு இல்லை. அன்று மாலைக்குள் முழங்கையில் பிராண்டல் காயத்தோடு ஒருவனைப் பிடித்தார். அவன் பதனிட்ட தோல்களைச் சுவர் தாண்டி வெளியே கடத்திக்கொண்டிருந்திருக்கிறான், வாட்ச்மேன் பார்த்துவிட்டார். ஏழுமலையை விடுவிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கு எழுதியவரும் அதே இன்ஸ்பெக்டர்தான்.

ஏழுமலை வெளியே வந்ததும் மனைவியோடு என் ஆபீசுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள வரலாமாம்மா? தோல் வாசன அடிக்கும்" என்றார். "எனக்குத் தெரியாதுங்க, நானும் ஆம்பூருதான்" என்றேன். தோல் ஷாப் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியாது, ரயிலில் போகிறவர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவர் சிரித்தார். உட்கார்ந்தார். அவர் மனைவி திடீரென்று, "அது தீவாளி சட்டைம்மா. வேலைக்கி போட்டுனு போவாதன்னு தலதலயா அடிச்சிக்கினேன். கேட்டாரா?" என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். ஆபீசில் அழக்கூடாது என்று எனக்கு நானே வைத்திருந்த சட்டம் அன்றைக்குச் செல்லவில்லை.

வழக்கு வேலூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது அந்த மிஷின்காரனுக்காக ஒரு கெட்டிக்கார வக்கீல் வாதாடினார். சாட்சிக் கூண்டில் நான். பின்வரிசையில் ஏழுமலை, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். வக்கீல் மெதுவாக ஆரம்பித்தார். "நீங்க தோல் ஷாப்புத் தொழிலாளி பொண்ணுதானே?" "ஆமாங்க ஐயா." "அப்ப இந்த ஊர்க் காத்துலயே தோல் தூள் பறக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். செத்தவர் நகத்துல இருந்தா அதுல என்ன அதிசயம்? உங்க புடவையிலகூட இருக்குமே. இருக்குமா, இருக்காதா?"

"இருக்குங்க ஐயா. பார்த்தேன்."

"எத பார்த்தீங்க?"

"என் புடவையத்தான். சம்பவ இடத்துக்குக் கட்டிக்கிட்டுப் போன புடவை. அது மாதிரியே பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு, டீக்கடைப் பலகை, ஆஸ்பத்திரி ஜன்னல், பாலாத்துப் பாலம், எல்லா இடத்துலயும் தூசி எடுத்துப் பார்த்தேன். தோல் தூள் எல்லாத்துலயும் இருக்கு. நீலச் சுருள் ஒண்ணுலயும் இல்ல. அது மிஷின் காலடிய விட்டு நகராது, ஒரு ஆளு மேல ஒட்டிக்கிட்டுப் போனாத்தான் உண்டு. எடுத்த தூசி எல்லாம் கவர்ல போட்டு நீதிமன்றத்துல குடுத்திருக்கேன் ஐயா."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதிபதி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வக்கீல் காகிதங்களை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்தபோது அவரே என்னிடம் வந்து, "எல்லாத்துக்கும் ஒரு கேள்வி வெச்சிருந்தேன் மேடம். புடவைய நீங்களே பாத்துடுவீங்கன்னு நெனைக்கல" என்றார். மிஷின்காரனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டிலும் என் அறிக்கையில் ஒரு வரி அசையவில்லை. எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை பிரபு. பெருமையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அடக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கிலோ பேடா வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன், உன் அப்பா சுகரையும் பார்க்காமல் தின்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குகள். தோற்றவையும் உண்டு, அழுகிய தடயம் பேசவே பேசாது. ஆனால் போன மாதம் நடந்ததைக் கேள். ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வேலையில் சேர்ந்த புதிது, எங்கிருந்தோ என் நம்பரை வாங்கிப் போன் செய்தாள். "மேடம், துணிய நிழல்ல காய வெச்சிட்டேன். பேப்பர் கவர்ல போட்டுட்டேன். மேல இருக்கறவங்க அவசரப்படுத்தறாங்க. எந்த ரத்தம்னு தெரியாம நான் எதயும் எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். சரிதானே மேடம்?" என்றாள். அவளுக்கு நான் பாடம் எடுத்ததே இல்லை. நான் சொல்லிக் கொடுத்த யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரிதான்மா என்றேன். போனை வைத்துவிட்டு உன் அப்பாவிடம், "நான் ரிடையர் ஆகலைங்க" என்றேன். "அது எனக்குத் தெரியாதா, இன்னும் டப்பா மூடியத்தான் பாத்துனு இருக்கற" என்றார்.

ஆற்காட்டுப் பெரியப்பாவிடம் நான் என்ன சொன்னேன் என்று உனக்குப் பதைப்பாக இருக்கும். பயப்படாதே, சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கயல் பேருக்குக் கீழ இன்னா போட்டிருக்கீங்க சம்பந்தி?" அவர் உற்சாகமாக, "அது மெடிக்கல் லேப் படிச்சிருக்கில்ல, ஆஸ்பத்திரியில லேப்ல இருக்குது. பெருமையா போட்ருக்கோம்" என்றார். "அங்க தெனமும் இன்னா பாக்கறா?" என்றேன். "ரத்தம்" என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "அவ இருக்கறவங்க ரத்தத்தப் பாக்கறா. நான் போனவங்க ரத்தத்தப் பாத்தேன். இவங்களுக்கு இன்னா ஆச்சுன்னுதான் ரெண்டு பேருமே கேக்கறோம். அது மங்கலம், இது மட்டும் அமங்கலமா?" என்றேன்.

அந்தப் பக்கம் கடையில் யாரோ அரை கிலோ கேட்கும் சத்தம் வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பிறகு சிரித்துவிட்டார். "நான் பேடா விக்கறவன்மா. உங்ககிட்ட வாதாடி நான் கரையேற முடியுமா? என் மனசுல பொணந்தொட்ட கைன்னு ஒண்ணு இருந்துச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன். தாலித் தட்ட நீங்களே எடுத்தாந்துடுங்க" என்றார். எடுத்துவருகிறேன் என்றேன். அந்தக் கையால் ஊட்டிய சோற்றில்தான் அவருடைய மாப்பிள்ளை வளர்ந்தான் என்பதையும் சொன்னேன். "அது சரி, அது சரி" என்றார்.

ஆக, பெரியப்பாவை ஜெயித்தாயிற்று. பத்திரிகையில் பழைய வரியையே போட அவருக்குத் தடை இல்லை. நானே அச்சகத்துக்குப் போன் செய்து மாற்றச் சொல்லியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. போன் செய்தேன், ஆனால் மாற்றச் சொல்லவில்லை. என் பெயருக்குக் கீழே இருக்கும் 'அரசுப் பணி'யை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைக்கச் சொன்னேன். மீதியை மாப்பிள்ளை சொல்வார் என்றேன். ஏனென்றால் எனக்கு வழக்கு பெரியப்பாவோடு இல்லை. அவர் என்னை நிச்சயதார்த்தத்தில்தான் முதலில் பார்த்தார். நீ மொட்டை மாடியிலிருந்து கத்தியவன்.

நீ கெட்ட எண்ணத்தில் சரி என்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் ஒரு வார்த்தைக்காக மனஸ்தாபம் எதற்கு என்று நினைத்திருப்பாய். நல்ல குணம்தான். ஆனால் நாளைக்கு உன் வீட்டிலும் இது நடக்கும். கயல்விழியைப் பற்றி யாராவது ஒரு அரைகுறைச் சொல்லைச் சொல்வார்கள், அது முழுப் பொய்யாகவும் இருக்காது. சரி என்று சொல்லிவிட்டால் அன்றைய சாப்பாடு நிம்மதியாக முடியும். அப்படி முடிக்காதே. ஒரு நிமிஷம் நின்று, இது யாருடைய ரத்தம் என்று கேள். சட்டையில் ஜீரா இருக்கிறது என்பதற்காக உன்னைக் கள்ளன் என்று நான் எழுதவில்லை. பிணத்தைத் தொட்டாள் என்பதற்காக என்னை வெறும் அரசுப் பணி என்று நீ எழுதாதே. உன் சம்சாரத்துக்கும் இதே நியாயத்தைக் கொடு. கல்யாணத்துக்கு அம்மா தரும் புத்தி இவ்வளவுதான், மீதி உன் அப்பாவின் முழங்காலைப் பார்த்துத் தெரிந்துகொள். நான் சொல்லச் சொல்ல டாக்டரிடம் போகாமல் வளர்த்த வலி அது.

ஏழுமலை இப்போது ஒரு ஷூ கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார். அவருடைய மகள் அதே கம்பெனியில் தையல் பிரிவில் சூப்பர்வைசர். உனக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டதும் போன் செய்தார். "தடயம்மா, மொத பத்திரிக எனக்குத்தான் வெக்கணும். எனக்கு எழுத்து தெரியாது, என் பொண்ணு படிக்கும். தெருவ கூட்டி வெச்சி படிக்க சொல்லப்போறேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள், கூட்டத்தைக் கூட்டிவிடுவார்.

அந்த இடம் காலியாக இருக்கிறது பிரபு. பெரிய பதவிப் பெயரைப் போடுவாயோ, இரண்டாம் வகுப்பில் சொன்ன பெயரைப் போடுவாயோ, அது உன் இஷ்டம். என்ன போட்டாய் என்று எனக்குப் போனில் சொல்லாதே, மாதிரியும் அனுப்பாதே. அச்சாகி வந்ததும் நீ, நான், அப்பா மூவரும் ஆம்பூருக்குப் போய் முதல் பத்திரிகையை ஏழுமலை வீட்டில் வைப்போம். அந்தப் பெண் தெரு கேட்கச் சத்தமாக வாசிப்பாள், அப்போது நானும் கேட்டுக்கொள்கிறேன்.

உன்
அம்மா